யூமா பள்ளியின் ‘கிரிமினல்ஸ்’: ஒரு பட்டப்பெயரின் கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பள்ளிக்கூட அணிக்குக் ‘கிரிமினல்ஸ்’ என்று பெயரா? யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லையே?

கதை இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யூமா என்றொரு ஊர் இருக்கிறது. அங்குள்ள யூமா உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு ‘கிரிமினல்ஸ்’ என்பதுதான் பெயர். செல்லமாகச் சுருக்கி ‘கிரிம்ஸ்’ என்பார்கள். மாணவர்கள் தங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்வதோடு நின்றுவிட்ட பெயரும் அல்ல இது. 1917இல் பள்ளி நிர்வாகக் குழுவே முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஒரு நூற்றாண்டு தாண்டியும் அதே பெயரில்தான் பிள்ளைகள் களம் இறங்குகிறார்கள்.

யூமா எங்கே இருக்கிறது?

அரிசோனாவின் தென்மேற்கு மூலையில், கொலராடோ ஆற்றங்கரையில். ஆற்றைக் கடந்தால் கலிபோர்னியா. தெற்கே கொஞ்ச தூரத்தில் மெக்சிகோ எல்லை. உலகிலேயே அதிக நேரம் வெயிலடிக்கும் ஊர்களில் முதலிடம் இதற்கு என்பார்கள். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. குளிர்காலத்தில் அமெரிக்கர்கள் தின்னும் லெட்யூஸ் கீரையில் பெரும்பகுதி இந்தப் பாலைவன ஊரின் வாய்க்கால் பாசனத்தில் விளைகிறது.

பள்ளிக்கும் குற்றவாளிகளுக்கும் என்ன தொடர்பு?

பள்ளிக்கூடமே சில ஆண்டுகள் சிறைச்சாலைக்குள் நடந்தது. அதுதான் தொடர்பு.

யூமாவின் உயர்நிலைப் பள்ளி 1909இல் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், ஊரின் மேட்டில் 33 ஆண்டுகளாக இயங்கிவந்த பிரதேசச் சிறை (அரிசோனா அப்போது இன்னும் மாநிலம் ஆகவில்லை, ‘பிரதேசம்’தான்) மூடப்பட்டது. கைதிகளை ஃபுளோரன்ஸ் என்ற ஊரில் கட்டிய புதிய சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு பக்கம் இடமில்லாத பள்ளி, இன்னொரு பக்கம் ஆளில்லாத கட்டடங்கள். சிறிய ஊர் வேறென்ன செய்யும்? 1910 முதல் 1914 வரை சிறை வளாகத்திலேயே வகுப்புகள் நடந்தன. பிள்ளைகள் தினமும் காலையில் சிறை மேட்டுக்கு ஏறிப்போய்ப் படித்துவிட்டு மாலையில் இறங்கி வந்தார்கள். அந்த மாணவர்களில் சிலருக்காவது, சிறை நடந்த நாளில் அங்கே வேலை பார்த்த காவலர்களையோ சமையல்காரர்களையோ தெரிந்திருக்கும். மூடி அதிகக் காலம் ஆகவில்லை அல்லவா?

அது எப்படிப்பட்ட சிறை? மேற்கத்தியப் படங்களில் வருவதுபோல் கொடூரமானதா?

இந்தக் கேள்விக்கு அந்தக் காலத்திலேயே இரண்டு பதில்கள் இருந்தன.

முதல் ஏழு கைதிகள் 1876 ஜூலை 1ஆம் தேதி உள்ளே அடைக்கப்பட்டார்கள். அவர்கள் அடைக்கப்பட்ட அறைகளைக் கட்டியவர்கள் அவர்களேதான். பாறையை வெட்டியதும் அவர்கள், சுவர் எழுப்பியதும் அவர்கள். பின்னாளில் ஓர் அறைக்கு ஆறு பேர், மூன்றடுக்குக் கட்டில்கள். விதிகளை மீறினால் ‘இருட்டறை’: குன்றைக் குடைந்து செய்த ஒரு பொந்து, நடுவில் இரும்புக் கூண்டு, உணவாக ரொட்டியும் தண்ணீரும். மேலே காவல் கோபுரத்தில் சுழல் துப்பாக்கி. வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘நரகப் பொந்து’ என்று கைதிகள் சொன்னதில் மிகை ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் ஊர்க்காரர்கள் அதே சிறையை ‘கொலராடோ ஆற்றங்கரை உல்லாச கிளப்’ என்று நக்கலடித்தார்கள். காரணம், ஊருக்குள் பல வீடுகளில் இல்லாத வசதிகள் சிறையில் இருந்தன. மின்விளக்கு இருந்தது, மருத்துவமனை இருந்தது, நூலகமும் இருந்தது. அந்த நூலகத்தை உருவாக்கியவர் சிறைக் கண்காணிப்பாளரின் மனைவி மடோரா இங்கால்ஸ். சிறையை வேடிக்கை பார்க்க வருபவர்களிடம் தலைக்கு 25 சென்ட் வாங்கி, அந்தப் பணத்தில் புத்தகம் சேர்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் உள்ளே போனவர்களில் பலர் அங்கேதான் எழுத்துக் கற்றார்கள். ஆகவே பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே அந்த மேட்டில் படிப்பு நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால் தவறில்லை.

மொத்தம் 3,069 பேர் அங்கே அடைபட்டிருந்தார்கள். அவர்களில் 29 பேர் பெண்கள். ஆண் வேடமிட்டுக் குதிரை வண்டியை மறித்துக் கொள்ளையடித்த பேர்ல் ஹார்ட் அவர்களில் ஒருவர். 1899இல் நடந்த அந்தக் கொள்ளை நாடெங்கும் பத்திரிகைகளில் வந்து அவரை ஒரே ஆண்டில் பிரபலமாக்கியது. மெக்சிகோவின் புரட்சியாளர் ரிக்கார்டோ ஃபுளோரஸ் மகோன் 1909இல் இங்கே இருந்தார். அவர் செய்த ‘குற்றம்’ அரசியல். பலதார மணம் செய்த மார்மன் சமயத்தவரும் இங்கே தண்டனை அனுபவித்தார்கள். தூக்குத் தண்டனை ஒன்றுகூட அங்கே நிறைவேற்றப்படவில்லை. ஆனாலும் 111 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். பெரும்பாலோரைக் கொண்டுபோனது காசநோய். பட்டப்பெயரை வைத்துச் சிரிக்கும்போது இந்த எண்ணிக்கையையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, பெயர் வைத்தது யார்?

எதிரணி ஆட்கள்.

1913இல் யூமா பள்ளியின் கால்பந்து அணி (இது அமெரிக்கக் கால்பந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம்) ஃபீனிக்ஸ் யூனியன் உயர்நிலைப் பள்ளியோடு மோதியது. ஃபீனிக்ஸ் மாநிலத் தலைநகரம். அங்கிருந்த பள்ளி பெரியது, 1895இலிருந்து நடப்பது. அதன் அணிக்கு ‘கயோட்டீஸ்’ என்று பெயர், பாலைவன ஓநாயைக் குறிப்பது. யூமாவோ சிறைக் கட்டடத்தில் காலந்தள்ளும் நான்கு வயதுப் பள்ளி. யார் ஜெயிப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. யூமா ஜெயித்துவிட்டது.

தோற்ற ஆத்திரத்தில் ஃபீனிக்ஸ் தரப்பினர் வாயில் வந்தது ‘கிரிமினல்ஸ்’ என்ற வசை. சிறையில் படிக்கிறவர்கள்தானே, வெற்றியையும் திருடிக்கொண்டு போகிறார்கள் என்கிற தொனி. விளையாட்டில் தோற்றவர் வாயிலிருந்து வரும் வசைகள் பெரும்பாலும் அடுத்த வாரமே மறந்துபோகும். இது ஒட்டிக்கொண்டது. காரணம், இதில் பாதி உண்மை இருந்தது: அவர்கள் படித்தது சிறையில்தான்.

யூமாக்காரர்களுக்குக் கோபம் வரவில்லையா?

வந்தது. தொடக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் கைகலப்புதான். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்களே, அப்படித்தான் ஆனது. எவ்வளவு சண்டை போட்டும் பெயர் போகவில்லை. கொஞ்ச காலத்தில் மாணவர்களே அதை மார்தட்டிச் சொல்லத் தொடங்கினார்கள்.

இதில் எனக்கு வியப்பூட்டுவது மாணவர்கள் அல்ல, பெரியவர்கள். பதினாறு வயதுப் பையன் தன்னைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டு திரிவதில் என்ன புதுமை? எல்லா ஊரிலும் திரிவான். ஆனால் 1914இலேயே பள்ளி சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. சிறை வாடையை உதறிவிட்டுக் கழுகு, புலி, சிங்கம் என்று கௌரவமான ஒரு பெயரைச் சூட்டிக்கொள்ள அருமையான வாய்ப்பு. எந்தப் பள்ளி நிர்வாகமும் அதைத்தான் செய்திருக்கும். யூமாவின் நிர்வாகக் குழு மூன்று ஆண்டுகள் கழித்து, 1917இல், வசையையே அதிகாரப்பூர்வப் பெயராக்கியது.

எதிராளி வைத்த பெயரையே சூட்டிக்கொண்டது இவர்கள் மட்டும்தானா?

இல்லை. தொழில்முறை பேஸ்பாலில் பிட்ஸ்பர்க் அணிக்கு ‘பைரேட்ஸ்’, அதாவது கடற்கொள்ளையர், என்று பெயர் வந்தது இதே வழியில்தான். 1890க்குப் பிறகு அந்த அணி வேறொரு அணி உரிமை கொண்டாடிய லூ பியர்பாவர் என்ற ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்துகொண்டது. ‘இது கடற்கொள்ளை’ என்று எதிர்த்தரப்பு கூச்சலிட்டது. பிட்ஸ்பர்க்காரர்கள் அந்தக் கூச்சலையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

ஃபீனிக்ஸ் கேலி செய்ததில் ஏதோ வேடிக்கை இருக்கிறது என்கிறார்களே, அது என்ன?

அந்தச் சிறை ஃபீனிக்ஸுக்குப் போயிருக்க வேண்டியது! 1875இல் பிரதேசச் சட்டமன்றத்தில் சிறை கட்டும் மசோதா வந்தபோது, அதில் இடம் என்று எழுதியிருந்தது ஃபீனிக்ஸ். யூமாவின் பிரதிநிதிகளான ஹோசே மரியா ரெடோண்டோவும் ஆர்.பி. கெல்லியும் சாமர்த்தியமாக அந்தப் பெயரை அடித்துவிட்டு ‘யூமா’ என்று எழுதி நிறைவேற்றிவிட்டார்கள் என்பது சிறை வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. சிறை என்றால் அரசுப் பணம், வேலைவாய்ப்பு, ஊருக்குள் வியாபாரம். அன்றைக்கு அது அவமானம் அல்ல, அடித்துப் பிடித்து வாங்க வேண்டிய வரம்.

ஆக, 1875இல் யூமா ஃபீனிக்ஸிடமிருந்து சிறையைத் தட்டிப் பறித்தது. 38 ஆண்டுகள் கழித்து அந்தச் சிறையிலிருந்து வந்த பையன்கள் ஆட்டத்தையும் பறித்தார்கள். ஃபீனிக்ஸ்காரர்கள் ‘கிரிமினல்ஸ்’ என்று கத்தியது இந்தப் பழைய கணக்குத் தெரிந்தா தெரியாமலா என்று கேட்டால், தெரியாமல்தான் என்று நினைக்கிறேன். கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் சட்டமன்ற வரலாற்றைப் படித்துவிட்டா போகிறார்கள்?

அமெரிக்காவில் பள்ளி அணிகளுக்கு எதற்குத்தான் பட்டப்பெயர்?

அங்கே சிறிய ஊர்களில் உயர்நிலைப் பள்ளியின் அணிதான் ஊரின் அணி. வெள்ளிக்கிழமை மாலை விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கால்பந்து ஆட்டத்துக்குப் பிள்ளை படிக்காதவர்களும், பிள்ளையே இல்லாதவர்களும் போவார்கள். செய்தித்தாளில் தலைப்புக்கு, கூட்டத்தில் கோஷத்துக்கு, சட்டையில் அச்சடிப்பதற்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. பெரும்பாலான பள்ளிகள் புலி, கழுகு, கரடி, போர்வீரன் என்று எங்கும் பொருந்தும் பெயரை வைத்துக்கொண்டு போய்விடுகின்றன. அவற்றில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஊரின் பிழைப்பிலிருந்து பிறந்த பெயர்கள்தான் சுவையானவை. ஜார்ஜியாவின் கெய்ரோ என்ற ஊர் கரும்புப் பாகுக்குப் பேர்போனது. அங்கே பள்ளி அணியின் பெயர் ‘சிரப்மேக்கர்ஸ்’, பாகு காய்ச்சுபவர்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கேமஸில் காகித ஆலை, அணி ‘பேப்பர்மேக்கர்ஸ்’. இலினாயின் ஹூப்ஸ்டனில் மக்காச்சோளம் டப்பாவில் அடைக்கும் தொழில். அங்கே ‘கார்ன்ஜெர்க்கர்ஸ்’, கதிர் ஒடிப்பவர்கள். அதே இலினாயின் ஃப்ரீபோர்ட்டில் ‘பிரெட்சல்ஸ்’. முறுக்கிச் சுட்ட ரொட்டியின் பெயரைச் சொல்லி எதிரியை எப்படி மிரட்டுவார்களோ தெரியவில்லை.

யூமாவுக்குள்ளேயே இன்னொன்று உண்டு. பக்கத்துப் பள்ளியான கோஃபாவின் அணிக்கு ‘கிங்ஸ்’, அரசர்கள் என்று பெயர். காரணம், ‘கிங் ஆஃப் அரிசோனா’ என்று அந்த வட்டாரத்தில் ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது. சுரங்கத்தார் தங்கள் பொருள்களில் குத்திய முத்திரையின் எழுத்துகள் சேர்ந்து ‘கோஃபா’ ஆயின; பிறகு மலைத்தொடருக்கும் பள்ளிக்கும் அதுவே பெயரானது. ஆகவே ஒரே ஊரில் அரசர்களும் குற்றவாளிகளும் மோதிக்கொள்கிறார்கள்.

பெயரை வைத்துப் பள்ளியில் என்னவெல்லாம் செய்கிறார்கள்?

பள்ளியின் சின்னம் முரட்டுக் கைதி ஒருவனின் முகம். சட்டை, தொப்பி முதலியவை விற்கும் மாணவர் கடைக்குச் ‘செல் பிளாக்’, அதாவது சிறைக்கொட்டடி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரைமனதோடு செய்திருந்தால் அசிங்கமாகியிருக்கும். முழுமனதோடு செய்வதால் எடுபடுகிறது.

இந்தப் பள்ளியிலிருந்து பெரிய ஆட்டக்காரர் யாராவது வந்திருக்கிறார்களா?

கர்லி கல்ப். ஒருவரைச் சொன்னாலே போதும் என்கிற அளவுக்குப் பெரிய பெயர்.

1946இல் யூமாவில், 13 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் கடைக்குட்டிகளில் ஒருவராகப் பிறந்தவர். பள்ளியில் கால்பந்தும் மல்யுத்தமும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1967இல் தேசியக் கல்லூரி மல்யுத்தத்தில் கனரகப் பிரிவுப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு தொழில்முறைக் கால்பந்தில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் சேர்ந்தார். 1970 ஜனவரியில் நடந்த நான்காவது சூப்பர் பௌலில், அதாவது தொழில்முறைக் கால்பந்தின் ஆண்டு இறுதிப் போட்டியில், அந்த அணி மினசோட்டாவை 23–7 என்று வீழ்த்தியது. அன்று எதிரணியின் நடு ஆட்டக்காரருக்கு நேர் எதிரில் கல்ப்பை நிறுத்திவைத்த உத்தி இன்றும் பேசப்படுகிறது. எதிரியின் இடுப்புக்குக் கீழே புகுந்து அவன் பாரத்தையே அவனுக்கு எதிராகத் திருப்புவது மல்யுத்தப் பாடம். கால்பந்தில் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவருக்கு அதைவிட உதவும் பாடம் வேறில்லை. பின்னர் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியில் புகழின் உச்சிக்குப் போனார்.

2013இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டார். ஆட்டத்தை விட்டு முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து வந்த கௌரவம், தாமதம் அதிகம்தான். 2021இல் காலமானார்.

இந்தக் காலத்தில் இப்படியொரு பெயரை யாரும் எதிர்ப்பதில்லையா? மாற்றிவிடலாமே?

அமெரிக்காவில் பள்ளி அணிகளின் பெயர்கள் இப்போது பெரிய விவாதம். பூர்வகுடி மக்களைக் குறிக்கும் பெயர்களை அரசுப் பள்ளிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2019இல் மேய்ன் மாநிலம் சட்டமே போட்டது. யூமாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில், பேரீச்சந் தோட்டங்களை முன்னிட்டு ஓர் உயர்நிலைப் பள்ளி தன் அணிக்கு ‘அராப்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தது. முறைத்த கண்களும் வளைந்த மூக்குமாக ஒரு சின்னம் வேறு. அரபு அமெரிக்கர்கள் 2013இல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மறு ஆண்டு பெயரின் முன்னால் ‘மைட்டி’, அதாவது வலிமைமிக்க, என்ற சொல் சேர்ந்தது, சின்னம் மாறியது.

இவற்றுக்கும் யூமாவுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே யாரோ இன்னொருவரின் முகத்தை எடுத்து வேடமாகப் போட்டுக்கொண்டார்கள். இங்கே தங்கள்மேல் வீசப்பட்ட வசையைத் தாங்களே அணிந்துகொண்டார்கள். முன்னதைக் குறிக்கப்பட்ட மக்கள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அதில் வழக்குப் பேச ஒன்றுமில்லை. பின்னதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று சொல்ல யூமாக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிடச் சிக்கலான ஒன்று வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லாந்து. நாகசாகியில் போட்ட குண்டுக்கான புளூட்டோனியம் அந்த ஊருக்குப் பக்கத்து ஹான்ஃபோர்டு ஆலையில் தயாரானது. பள்ளி அணியின் பெயர் ‘பாம்பர்ஸ்’, சின்னத்தில் அணுகுண்டின் காளான் புகை. 1944இல் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு நாள் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிக் கொடுத்த குண்டுவீச்சு விமானத்தைத்தான் பெயர் குறிக்கிறது என்பவர்களும் உண்டு. அது மெய்யாகவே இருக்கட்டும், சின்னத்தில் காளான் புகைக்கு என்ன வேலை? ஊர்ப்பெருமை என்பதால் எல்லாமும் செல்லுபடியாகிவிடாது.

யூமா விஷயத்திலும் எனக்கு ஒரு சின்ன நெருடல் உண்டு. அந்த மேட்டில் காசநோயில் இருமிச் செத்தவர்களுக்கு இந்தப் பெருமையில் பங்கு கேட்க ஆள் இல்லை. பெயரை மாற்ற வேண்டாம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரையும் ஒருமுறை சிறைக் கல்லறைக்குக் கூட்டிப்போனால் போதும் என்பேன்.

பெயர் வைத்த ஃபீனிக்ஸ் பள்ளி இப்போது என்ன ஆயிற்று?

மூடிவிட்டார்கள், 1982இல். ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய பள்ளிகளோடு வைத்துப் பேசப்பட்டது. நகரம் புறநகர்களை நோக்கி நகர, மையத்தில் இருந்த பள்ளியில் மாணவர் எண்ணிக்கை சரிந்துவிட்டது. வளாகத்தில் மிஞ்சிய பழைய கட்டடங்களை இப்போது மருத்துவக் கல்லூரி பயன்படுத்துகிறது.

அந்தச் சிறையை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். பள்ளி வெளியேறிய பிறகு அது பல பாடு பட்டது. பொருளாதார மந்தக் காலத்தில் வீடிழந்த குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. ரயில் பாதைக்காகக் குன்றின் ஒரு பகுதியையே வெட்டினார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் பங்குக்குக் கல்லையும் மரத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எஞ்சியது இப்போது மாநில வரலாற்றுப் பூங்கா. 2010இல் நிதி இல்லை என்று மாநிலம் அதை மூட முனைந்தபோது, ஊர் பணம் திரட்டி நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

அறைகள், இருட்டறை, காவல் கோபுரம், கல்லறை எல்லாவற்றையும் பார்க்கலாம். கீழே 1915இல் கட்டிய ஆற்றுப்பாலமும் உண்டு. கோடையில் போனால் காலையிலேயே போய்விடுங்கள். இருட்டறைக்குள் இருப்பதே மேல் என்று தோன்றும் அளவுக்கு வெளியே கொளுத்தும். பள்ளி அணியின் ஆட்டத்தையும் பார்க்க வேண்டுமானால் கால்பந்துப் பருவம் ஆகஸ்ட் இறுதி முதல் நவம்பர் வரை. செப்டம்பர் வரை வெயில் தணியாது. அக்டோபர் வெள்ளிக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.